காரீயம் இல்லாத பீங்கான்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்னாற்றலைச் சேமிக்கவும், கேஸும் கம்ப்ரசரும் இல்லாமல் குளிர்விக்கவும் பயன்படக்கூடிய காரீயமற்ற ஃபெர்ரோமின் பீங்கான்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அரைப் பக்கத்தில் அடக்கிய செய்தி என்பதால் பல இடங்கள் விளக்கமின்றி நின்றுவிட்டன. வந்த கடிதங்கள் அந்த இடங்களையே சரியாகச் சுட்டியிருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறேன்.

ஈயச் சொம்பில் வைத்த ரசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறோம். நீங்களோ ஈயம் நஞ்சு என்கிறீர்கள். எதை நம்புவது?
— இல்லத்தரசி, கும்பகோணம்

இரண்டும் வேறு வேறு உலோகங்கள். ரசச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. நான் குறிப்பிட்டது காரீயம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் நேர்கிறது. ஆகவே இந்தப் பதில்கள் முழுவதிலும் காரீயம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். சொம்பு வாங்கும்போது வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படிக் கலந்திருந்தால் புளிப்பான ரசத்தில் அது கரைந்து இறங்கும்.

உங்கள் சமையலறையில் காரீயம் வேறோர் இடத்தில் இருக்கக்கூடும். அழுத்தினால் பொறி தட்டும் கேஸ் லைட்டரின் உள்ளே ஒரு சிறு பீங்கான் உருளை உண்டு. அது வழக்கமாகக் காரீயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடால் ஆனது. அதன் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காரீயம்தான். மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் கருவியின் முனையிலும் இதே குடும்பத்துப் பீங்கான்தான் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. இந்தப் பீங்கான்களிலிருந்து காரீயத்தை விலக்குவதே நாம் பேசும் ஆராய்ச்சியின் நோக்கம்.

‘ஃபெர்ரோ’ என்றால் இரும்பு அல்லவா? ஃபெர்ரோமின் பொருளில் இரும்பு எங்கே இருக்கிறது?
— பதினொன்றாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

இரும்பு இருக்க வேண்டிய தேவையில்லை. காந்தத்தின் அருகில் வைத்த இரும்பு, காந்தத்தை எடுத்த பிறகும் ஓரளவு காந்தத் தன்மையைத் தக்கவைத்துக்கொள்கிறது. அதைப் போலவே, மின்புலத்தை நீக்கிய பிறகும் மின்முனைவாக்கத்தை, அதாவது உள்ளே நேர்மின்னும் எதிர்மின்னும் சற்றே விலகி நிற்கும் நிலையை, தக்கவைத்துக்கொள்ளும் பொருள்களுக்கு, அந்த நடத்தை ஒப்புமையால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் இந்தப் பண்பை முதன்முதலில் ரோச்சல் உப்பு (பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட்) என்ற படிகத்தில் கண்டது ஏறத்தாழ 1920இல்.

உப்பிலிருந்து பீங்கானுக்கு வந்த கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அக்காலத்து மின்தேக்கிகளில், நாம் காக்காப்பொன் என்று அழைக்கும் அபிரகத் தகடுகளே மின்காப்புப் பொருளாக இருந்தன. உலகச் சந்தைக்கு அபிரகத்தை அனுப்பிய முதன்மையான நாடு இந்தியா. இரண்டாம் உலகப் போரின்போது அபிரகம் தட்டுப்பாடாகவே, மாற்றுப் பொருளைத் தேடிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வாளர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் பேரியம் டைட்டனேட்டைக் கண்டடைந்தனர். மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன் அபிரகத்துக்கு ஆறு அளவில்தான்; பேரியம் டைட்டனேட்டுக்கோ அது ஆயிரத்தைத் தாண்டியது.

இதற்குக் காரணம் அதன் படிகத்தின் அமைப்பு. கனசதுர அறையின் மூலைகளில் பேரியம், முகங்களில் ஆக்சிஜன், நடுவில் டைட்டானியம் என்று அணுக்கள் அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே டைட்டானியம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகுகிறது. விலகும் தொலைவு ஒரு மீட்டரின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவே. அந்த நுண்ணிய விலகலால் ஒவ்வொரு அறையும் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் கொண்ட ஒரு மின் இருமுனையாகிறது; அண்டை அறைகள் ஒரே திசையில் சாய்ந்து டொமைன் எனப்படும் கூட்டங்களாகின்றன. விலகல் மறையும் அந்த வெப்பநிலைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். குளிர்விப்பைப் பற்றிய பதிலில் இது மீண்டும் வரும்.

பேரியம் டைட்டனேட்டில் காரீயமே இல்லை. அதைத்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மின்தேக்கிகளில் பயன்படுத்துகிறோம். அப்படியிருக்க, ‘காரீயமற்ற’ என்று இப்போது புதிதாகப் பேச என்ன இருக்கிறது?
— மின்னணுப் பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

என் குறிப்பில் நான் சொல்லத் தவறியதை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கைபேசியில் உள்ள ஏறத்தாழ ஆயிரம் பல்லடுக்கு மின்தேக்கிகளில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட்டால் ஆனவை. அவற்றைக் காரீயமற்றவையாக மாற்ற வேண்டிய வேலையே இல்லை. ஆனால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கி வேறு, பெரும் ஆற்றலைத் தேக்கி நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெளியிட வேண்டிய மின்தேக்கி வேறு. காரீயப் பீங்கான்கள் முன்னணியில் நின்றது இரண்டாவது வகையில்.

ஃபெர்ரோமின் பொருளுக்கு மின்புலத்தைக் கொடுத்தால் முனைவாக்கம் ஏறுகிறது. புலத்தைக் குறைத்தால் ஏறிய வழியே இறங்காமல் வேறு வழியில், பின்தங்கி இறங்குகிறது. இரண்டு வழிகளுக்கும் இடையே அகப்படும் பரப்பைத் தயக்கக் கண்ணி என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அந்தப் பரப்பு அளவுக்கான ஆற்றல் வெப்பமாக வீணாகிறது; இறங்கும் கோட்டுக்கும் முனைவாக்க அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பே நமக்குத் திரும்பக் கிடைக்கும் ஆற்றல். தூய பேரியம் டைட்டனேட்டில் கண்ணி அகன்றது. புலம் சுழியான பின்னும் முனைவாக்கத்தில் பெரும்பகுதி உள்ளேயே நின்றுவிடுகிறது. பிழிந்த துணியில் நீர் தங்கிவிடுவதைப் போல, கொடுத்ததை அது முழுவதும் திருப்பித் தருவதில்லை. நினைவகத்துக்கு ஏற்ற இந்தக் குணமே சேமிப்புக்குக் கேடாகிறது.

ஆகவே வேண்டுவன மூன்று: உச்சத்தில் முனைவாக்கம் மிக அதிகமாக இருக்க வேண்டும், புலத்தை நீக்கினால் அது ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும், பீங்கான் மின்காப்பு முறிவின்றி உயர்ந்த புலத்தைத் தாங்க வேண்டும். இவற்றை ஒருசேரப் பெற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ரிலாக்ஸர் வழி. படிகத்தில் ஒரே வகை இடத்தில் பல வகை அணுக்களைக் கலந்து வைத்தால், பெரிய டொமைன்கள் உருவாக முடியாமல், சில நானோமீட்டர் அளவிலான சிறு முனைப்பகுதிகளாகச் சிதறிவிடுகின்றன. பெரிய டொமைனைத் திருப்புவது கடினம். சிறு பகுதிகளோ புலத்துடன் எளிதாகத் திரும்பி, புலம் நீங்கியதும் மீண்டும் ஒழுங்கிழக்கின்றன. கண்ணி ஒல்லியாகிறது. மற்றொன்று எதிர்ஃபெர்ரோமின் வழி. இதில் அண்டை இருமுனைகள் எதிரெதிர்த் திசையில் நிற்பதால், புலமில்லாத நிலையில் மொத்த முனைவாக்கம் சுழியாகவே இருக்கும். உயர் புலத்தில் எல்லாம் ஒரு பக்கம் திரும்பிப் பெரும் ஆற்றலை ஏற்று, புலம் குறைந்ததும் பழைய நிலைக்கு மீளும்.

இரண்டு வழிகளிலும் முதலில் வழிகாட்டியவை காரீயச் சேர்மங்களே: ரிலாக்ஸரில் லெட் மக்னீசியம் நையோபேட், எதிர்ஃபெர்ரோமின் வகையில் லெட் சிர்கோனேட் (லெட் என்பது காரீயத்தின் ஆங்கிலப் பெயர்). காரீய அயனியின் வெளிக்கூட்டில் பிணைப்பில் சேராமல் தனித்து நிற்கும் ஓர் எலக்ட்ரான் இணை உண்டு. அது அயனியை ஒரு பக்கமாகத் தள்ளி முனைவாக்கத்தைப் பெருக்குகிறது. தனிம அட்டவணையில் காரீயத்துக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் பிஸ்மத்துக்கும் அதே எலக்ட்ரான் இணை உண்டு என்பதே காரீயமற்ற ஆராய்ச்சியின் அடித்தளம். லெனின்கிராடில் ஸ்மோலென்ஸ்கியின் குழுவினர் 1960 வாக்கில் அறிவித்த சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டும், பிஸ்மத் ஃபெர்ரைட்டும் இன்று பல கலவைகளுக்கு முதற்பொருளாக இருப்பதற்கு அதுவே காரணம். எதிர்ஃபெர்ரோமின் வழியில் சோடியம் நையோபேட்டும் சில்வர் நையோபேட்டும் ஆராயப்படுகின்றன. பின்னதில் வெள்ளி இருப்பதால் அதன் விலை பெருந்தடை என்றே கருதுகிறேன்.

உங்கள் துறைக்கு நெருக்கமான ஒரு பயனையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் காரில் மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரில், மின்கலத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே நிற்கும் மின்தேக்கி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் படலத்தால் ஆனது; 105 டிகிரி செல்சியசுக்கு மேல் அதைப் பயன்படுத்த இயலாது, அதற்கு முன்பே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிலிக்கான் கார்பைடு சாதனங்களோ அதைவிட மிகுந்த சூட்டிலும் இயங்கக்கூடியவை. அருகிலுள்ள மின்தேக்கிக்காக மட்டுமே குளிரூட்ட வேண்டிய நிலையை 150 டிகிரியிலும் இயங்கும் பீங்கான் மாற்ற முடியும். காரீயமற்ற பீங்கான் முதலில் காலூன்ற வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து.

காரீயமற்ற பீங்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 112 ஜூல் ஆற்றலைத் தேக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் கைபேசி மின்கலத்துக்குப் பதிலாகப் பீங்கானை வைத்து, ஒரு நொடியில் சார்ஜ் செய்துகொள்ளலாமா?
— கைபேசிக் கடை உரிமையாளர், திருப்பூர்

செய்ய முடியாது. அந்த எண் உண்மையானதே: பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகக் குழு 2019இல் பிஸ்மத் ஃபெர்ரைட், பேரியம் டைட்டனேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் ஆகியவற்றைக் கலந்த மென்படலத்தில் 112 ஜூலை ஏறத்தாழ 80 விழுக்காடு திறனுடன் திரும்பப் பெற்றுக் காட்டியது. ஆனால் அது ஒரு கன சென்டிமீட்டர் படலத்துக்கான கணக்கு. அவ்வளவு படலத்தை எவரும் செய்து வைத்திருக்கவில்லை. அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் படலத்தை எடுத்துக்கொண்டால், அதில் அடங்கும் ஆற்றல் 0.006 ஜூலுக்கும் குறைவு. படலத்தைத் தாங்கும் அடித்தகடோ அதைப்போல ஆயிரம் மடங்கு தடிமனாக இருக்கக்கூடும்.

சூளையில் சுட்டெடுக்கும் பருமனான பீங்கானில் கன சென்டிமீட்டருக்கு 10 ஜூல் என்பது மிக நல்ல அளவு. உங்கள் கடையில் விற்கும் 4000 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தில் ஏறத்தாழ 55,000 ஜூல் இருக்கிறது. அதைப் பீங்கானில் தேக்க ஐந்தரை லிட்டர் கன அளவு வேண்டும். எடை 30 கிலோவைத் தாண்டும். அந்த 10 ஜூலைப் பெறவும் மைக்ரோமீட்டருக்கு 50 வோல்ட் என்ற அளவில் மின்புலம் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு அது 50,000 வோல்ட் ஆகிவிடும் என்பதால்தான், பத்து மைக்ரோமீட்டர் அடுக்குகளாக, இடையிடையே உலோகத் தகடு வைத்து, 500 வோல்ட்டில் இயங்குமாறு அடுக்குகிறார்கள்.

மின்கலம் நிறையச் சேமித்து மெதுவாகத் தருவது. பீங்கான் மின்தேக்கி குறைவாகச் சேமித்து ஒரே கணத்தில் தருவது. அதன் மதிப்பு அந்தக் கணத்தில்தான் இருக்கிறது.

நான் ஏ.சி. பழுது பார்ப்பவன். கம்ப்ரசரும் கேஸும் இல்லாமல் பீங்கான் குளிர்விக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. வெப்பம் எங்கே போகிறது? இது எங்கள் தொழிலுக்கு எப்போது வரும்?
— குளிர்சாதனத் தொழிலாளர், மதுரை

உங்கள் கேள்வியிலேயே சரியான தொடக்கம் இருக்கிறது; வெப்பம் எங்கோ போயாக வேண்டும். ஓர் அகன்ற ரப்பர் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சற்றுச் சூடாக இருக்கும். இழுத்தபடியே சிறிது நேரம் ஆறவிட்டுப் பிறகு தளர்த்தினால், இப்போது குளிர்ந்திருக்கும். ரப்பரில் இழுவை செய்வதை இந்தப் பீங்கானில் மின்புலம் செய்கிறது. புலம் கொடுத்ததும் தாறுமாறாக நின்ற இருமுனைகள் வரிசைப்படுகின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாத அந்தக் கணத்தில், அங்கே குறைந்த ஒழுங்கின்மை அணுக்களின் அதிர்வில் ஏறிப் பீங்கான் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே கொடுத்து ஆறவிடுகிறோம். உங்கள் கண்டன்சர் செய்யும் வேலைதான் இது. பிறகு புலத்தை நீக்கினால் இருமுனைகள் மீண்டும் கலைகின்றன. அதற்கு வேண்டிய ஆற்றலை அணுக்களின் அதிர்விலிருந்தே எடுத்துக்கொள்வதால் பீங்கான் குளிர்கிறது. அப்போது அறையின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். கேஸை அழுத்துவதும் விரியவிடுவதும் போலவே இங்கும் நான்கு கட்டங்கள் உள்ளன. அழுத்தத்தின் இடத்தில் மின்னழுத்தம் வந்திருக்கிறது.

இதற்கு எலக்ட்ரோகலோரிக் விளைவு என்று பெயர். சோவியத் ஒன்றியத்தில் கொபெக்கோவும் குர்ச்சாத்தவும் 1930இல் ரோச்சல் உப்பில் இதைக் கண்டனர். விளைவு மிகச் சிறியது என்பதால் நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. 2006இல் கேம்பிரிட்ஜ் குழு, 350 நானோமீட்டர் தடிமனுள்ள காரீயப் பீங்கான் படலத்தில் வெறும் 25 வோல்ட்டுக்கு 12 டிகிரி மாற்றம் உண்டு என்று கணித்து அறிவித்ததும் துறை விழித்துக்கொண்டது. ஆனால் அது 220 டிகிரி சூட்டில் கிடைத்த அளவு. வெப்பமானி வைத்து அளந்ததும் அல்ல, முனைவாக்கத்தை அளந்து சமன்பாட்டின் வழியே பெற்றது. இன்றும் இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது, நேரடியாக அளந்தார்களா, கணக்கிட்டார்களா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

பீங்கான் ஒரு சுற்றில் தருவது சில டிகிரிகளே. வெளியே 40 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்ற நிலைக்கு அது போதாது. ஆகவே பல்லடுக்குப் பீங்கான்களின் இடையே ஒரு திரவத்தை முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முனையைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி மறுமுனையைக் குளிரச் செய்கிறார்கள். லக்சம்பர்க் அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தினர் ஜப்பானின் முராட்டா நிறுவனத்துடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கருவி, இரு முனைகளுக்கும் இடையே 20.9 டிகிரி வேறுபாட்டையும், அதிகபட்சமாக 4.2 வாட் குளிர்விப்புத் திறனையும் எட்டியது. மின்தேக்கிகளாகவே அமைந்த அந்தப் பீங்கான்களில் ஒன்றுக்குக் கொடுத்த மின்னாற்றலை அடுத்ததற்கு மாற்றி மீட்டுக்கொண்டால், இயற்கை விதி அனுமதிக்கும் உச்சத் திறனில் 64 விழுக்காடு வரை பெறலாம் என்றும் அவர்கள் காட்டினர். மனத்தைத் தொடும் சாதனை. ஆயினும் ஒரு டன் ஏ.சி.யின் திறன் 3500 வாட். அதாவது அந்தக் கருவியைப் போல எண்ணூறு மடங்கு. ஆகவே இன்னும் சில காலம் நீங்கள் ஆர்-32 நிரப்பிக்கொண்டுதான் இருப்பீர்கள். கசிந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 675 மடங்கு புவியைச் சூடேற்றும் வாயு அது என்பதால்தான், இந்த 4.2 வாட்டை நான் அற்பமாகப் பார்க்கவில்லை.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கருவியின் பீங்கான் லெட் ஸ்கேண்டியம் டாண்டலேட். அதிலும் காரீயம், ஸ்கேண்டியமோ விலையுயர்ந்த தனிமம். அதைத் தேர்ந்ததற்குக் காரணம், அறை வெப்பநிலைக்கு அருகிலேயே அது சட்டென்று நிலைமாறுவதுதான். மாற்றம் எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு குறைந்த மின்புலத்தில் வெப்பநிலை மாறும். பேரியம் டைட்டனேட்டும் கூர்மையாகவே மாறுகிறது, ஆனால் 120 டிகிரிக்கு மேலே. சிர்கோனியம், வெள்ளீயம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றுள் ஒன்றைக் கலந்து அந்தப் புள்ளியை அறை வெப்பநிலைக்கு இறக்கலாம்; இறக்கினால் கூர்மை மழுங்கிவிடுகிறது. சேமிப்புக்கு வரமாக இருந்த அதே கலப்பு, குளிர்விப்புக்கு இடையூறாகிறது. ஆகவே ‘காரீயமற்ற பீங்கான் சேமிக்கவும் குளிர்விக்கவும் செய்யும்’ என்று நான் சென்ற இதழில் ஒரே மூச்சில் எழுதியது பொருத்தமற்றது. சேமிப்பில் காரீயமற்றவை காரீயத்துக்கு நிகராக வந்துவிட்டன. குளிர்விப்பில் இன்னும் பின்தங்கியே நிற்கின்றன.

காரீயத்தை நீக்கிவிட்டால் பொருள் தூய்மையானது என்று சொல்லிவிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?
— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

அப்படிச் சொல்லிவிட முடியாது, ஆசிரியர் அவர்களே. பிஸ்மத்தின் பெரும்பகுதி காரீயத் தாதுவை உருக்கித் தூய்மைப்படுத்தும்போது கிடைக்கும் துணைப்பொருள். பிஸ்மத் வேண்டுமென்றால் எங்கோ ஒருவர் காரீயத்தை உருக்கிக்கொண்டிருக்க வேண்டும். நையோபியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பிரேசில் என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பொட்டாசியம் சோடியம் நையோபேட் என்ற காரீயமற்ற பீங்கானையும் வழக்கமான காரீயப் பீங்கானையும் தாது நிலையிலிருந்தே ஒப்பிட்டு, நையோபியத்தை வெட்டியெடுத்துப் பிரிப்பதால் நேரும் சுற்றுச்சூழல் சுமை காரீயப் பீங்கானின் சுமையைவிடக் கூடுதலாகலாம் என்று காட்டினர். இதனால் காரீயமே மேல் என்று ஆகிவிடாது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதை எந்தக் கணக்கும் ஈடுசெய்யாது. மாற்றுப் பொருளையும் அதே கண்டிப்புடன் எடைபோட வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. அந்த வகையில், பேரியம், டைட்டானியம் என்ற மலிவான தனிமங்களை முதன்மையாகக் கொண்ட கலவைகளின் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மின், மின்னணுக் கருவிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே சீரான பொருள் எதிலும் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளும் அதே எல்லையை வைத்திருக்கின்றன. ஆனால் ஈடான மாற்று இல்லாத இடங்களுக்கு விலக்கு உண்டு. மாற்று கிடைத்துவிட்ட குறைந்த மின்னழுத்த மின்தேக்கிகளுக்கான ஐரோப்பிய விலக்கு 2013 தொடக்கத்தில் முடிந்தது. நேர்மின்னோட்டத்தில் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும், கேஸ் லைட்டரில் உள்ளதைப் போல அழுத்தினால் மின்சாரம் தரும் அழுத்தமின் பீங்கான்களுக்கும் விலக்கு அதன் பிறகும் தொடர்ந்தது.

அப்படியானால் வீட்டில் கிடக்கும் பழைய கேஸ் லைட்டரை என்ன செய்வது?
— இல்லத்தரசி, கும்பகோணம் (அதே கடிதத்தில்)

பயன்படுத்துவதில் அச்சம் வேண்டாம். காரீயம் பீங்கானின் படிகத்துக்குள் கட்டுண்டு இருக்கிறது, கையில் ஒட்டாது. பழுதானால் அதைப் பிரித்து உள்ளே இருக்கும் உருளையைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். உடைத்துப் பொடியாக்கவும் வேண்டாம். குப்பையோடு எரிக்காமல், பழைய மின்கலம், சார்ஜர் முதலியவற்றோடு சேர்த்து மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.